வீட்டில் வெளிச்சம் யாருக்கு?

(ஒரு புதுமனைத் திறப்புக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வீட்டைத் திறந்து வைக்கும் வேலை இன்று நமக்கு அளிக்கப்பட்டிருக்கின்றது. வீடு திறப்பதென்றால் நம் நாட்டில் வழக்கமாக என்ன நடக்குமென்பது உங்களுக்குத் தெரியும். ஒரு புரோகிதர் வருவார். ஓமம் வளர்ப்பார். புதிதாய் வெள்ளையடித்த சுவரெல்லாம் புகையேறும். ஒரு பசுவை உள்ளே ஓட்டுவார்கள். அது மிரண்டு போய்ச் சாணி போட்டால் சுபசூசகம் என்பார்கள். பிறகு தட்சணை வாங்கிக் கொண்டு அவர் போய்விடுவார். வீட்டுக்குள் காற்று வருகிறதா, அடுப்பங்கரையில் பட்டப்பகலில் அரிசியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மந்திரம் சொன்னவரும் பார்ப்பதில்லை, காசு கொடுத்தவரும் பார்ப்பதில்லை. இவ்வீட்டுத் தோழர் அக்காரியமொன்றும் செய்யாமல் நம்மை அழைத்திருக்கிறார். ஆகவே நாம் வந்தவுடன் நேரே சமையலறைக்குப் போய், கையிலிருந்த பத்திரிகையைப் பிரித்து வாசித்துப் பார்த்தோம். விளக்குப் போடாமலே வாசிக்க முடிந்தது. இந்த ஊரில் எத்தனை வீட்டுச் சமையலறையில் அப்படி வாசிக்க முடியும் என்று வந்திருக்கும் தாய்மார்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஊரில் வேறு பேச்சு நடப்பதாகவும் கேள்விப்பட்டோம். தெற்கு வாசல் வைத்துவிட்டார், ஈசானிய மூலையில் சாமி அறை இல்லை, புழக்கடையில் முருங்கை நட்டிருக்கிறார், என்ன வரப்போகிறதோ என்று நாலுபேர் பேசிக்கொள்ளுகிறார்களாம். தோழரின் தாயாருக்கே மனம் சரியில்லை என்கிறார்கள். அந்த அம்மாள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பரிகாசம் செய்வதற்காக நாம் வரவில்லை. பிள்ளையும் பேரக்குழந்தைகளும் நன்றாய் இருக்க வேண்டுமே என்பதுதான் அவர்களுடைய பயம். அந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களிடந்தான் நமக்குச் சண்டை. இன்று நாம் பேசப்போவதெல்லாம் முக்கியமாக அந்த அம்மாளுக்குத்தான். மற்றவர்களும் கேட்டுக் கொண்டிருக்கலாம்.

நாம் எஞ்சினீயர் பரீட்சை கொடுத்தவரல்லர். கொத்தனார்களோடும் தச்சர்களோடும் பேசியும், கிடைத்த புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தும், சில வீடுகளைப் போய்ப் பார்த்தும் தெரிந்து கொண்டதைத்தான் சொல்லுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. ஒரு குச்சியும் ஒரு வருஷப் பொறுமையும் இருந்தால் யாரும் பரீட்சித்துக் கொள்ளலாம்.

முதலில் தெற்கு வாசலைப் பார்ப்போம். தெற்கு எமன் திசை என்கிறார்கள். எமன் வாசல் பார்த்து வருகிறவனானால், வடக்கு வாசல் வீட்டில் சாவே இருக்கக்கூடாதல்லவா? முனிசிபாலிட்டியில் மரணம் பதியும் புத்தகம் இருக்கிறது. அதில் வாசல் திசைக்கென்று ஒரு பத்தி போட்டு எழுதி வந்தால் ஒரே வருஷத்தில் எமனுடைய யோக்கியதை தெரிந்துவிடும். அது கிடக்கட்டும். சூரியன் என்ன செய்கிறதென்று பாருங்கள். திருச்சிராப்பள்ளி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10.8 டிகிரியில் இருக்கிறது. சூரியனோ வருஷத்தில் வடக்கே 23½ டிகிரி வரையிலும், தெற்கே அவ்வளவு தூரமும் போய் வருவதாக நமக்குத் தோன்றுகிறது. ஆகையால் சித்திரை முதல் வாரத்தில் ஒருநாளும், ஆவணி இரண்டாம் வாரத்தில் ஒருநாளும் நடுப்பகலில் நேரே நம் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. அன்று உச்சிவேளையில் நட்ட குச்சிக்கு நிழல் இராது. இவ்விரண்டு நாட்களுக்கும் நடுவிலுள்ள நாலு மாதமும் சூரியன் காலை முதல் மாலை வரை நமக்கு வடபுறமாகவே போகிறது. கத்திரி வெயில் முழுவதும் இந்த நாலு மாதத்திற்குள்தான் வருகிறது. அதாவது, உடம்பு வேகிற அந்தக் காலத்தில் தெற்குச் சுவர்மேல் ஒரு துளி வெயிலும் நேராக விழுவதில்லை. தென்றல் வருவதும் அந்தத் திசையிலிருந்துதான், பெயரிலேயே திசை இருக்கிறது. வெயில் படாத பக்கமும் காற்று வருகிற பக்கமும் ஒன்றாய் அமைந்த இடத்தில் எமனைக் காவல் வைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு, உள்ளே விசிறியால் வீசிக் கொண்டிருக்கிறோம்!

மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்கிறது. அப்பொழுது தெற்கு ஜன்னலில் வெயில் விழும். ஆனால் அந்த உச்சி வெயில் ஏறக்குறைய 56 டிகிரி உயரத்திலிருந்து வருவதால், ஜன்னல் மேல் இரண்டடி நீட்டி ஒரு சன்ஷேடு போட்டால் சுமார் மூன்றடி உயரத்திற்கு நிழல் கிடைத்துவிடும். வடபுறச் சுவருக்கு ஆனி மாதத்து உச்சி வெயிலை மறைக்க ஓரடி, ஒன்றரை அடி நீட்டினால் போதும். கிழக்கும் மேற்கும்தான் தொந்தரவு. அங்கே வெயில் தாழ்வாகப் படுக்கை வசத்தில் வருவதால் எத்தனை அடி நீட்டினாலும் அதன் கீழே நுழைந்து வந்துவிடும். அவ்விடத்துக்குத் தாழ்வாரமும் மரமும் பந்தலுந்தான் வைத்தியம். இதற்குச் சாஸ்திரம் வேண்டாம், பள்ளிக்கூடத்துக் கோணமானி போதும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கண்மூடித்தனம் என்பது வடமொழிப் புத்தகத்தில் மாத்திரம் இருப்பதல்ல. இங்கிலாந்து தேசம் முழுவதும் 49 டிகிரிக்கு வடக்கே இருப்பதால் அங்கே நடுப்பகல் சூரியன் எக்காலத்திலும் தெற்கில்தான் நிற்கும். வடக்கு ஜன்னலில் உச்சி வெயில் என்பதே அவர்களுக்கு இல்லை. அவர்கள் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, "வடக்கே கண்ணாடிச் சுவர் வைத்தால் வெயில் வராது" என்று நம்மூர்ப் பட்டணத்தில் சொல்லுகிற படிப்பாளிகளும் இருக்கிறார்கள். வைகாசியில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவர்களை உட்கார வைக்க வேண்டும்.

இனி மூலைகளுக்கு வருவோம். நிருதி மூலை என்கிற தென்மேற்கு அறையில்தான் குடும்பத் தலைவன் படுக்க வேண்டுமென்பது இப்பொழுது பட்டணங்களில் வாஸ்து நிபுணரென்று பலகை போட்டுக் கொண்டிருப்பவர்கள் சொல்லும் முதல் சட்டம். மத்தியானம் மூன்று மணி முதல் மேற்குச் சுவரில் வெயில் அடிக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் வெளியே ஏறிய சூடு உள்ளே வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். அதாவது, அவர் சாப்பிட்டுவிட்டுப் பாய் விரிக்கும் நேரத்திற்குச் சரியாகச் சுவர் அடுப்பாகிறது. வீட்டு யஜமானனை இப்படி வேகவைப்பதற்கு யாரும் நிபுணருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. மேற்கே மாடிப்படியையும் குளியலறையையும் சாமான் அறையையும் வைத்தால் அவை வெயிலை வாங்கிக் கொண்டு நிற்கும். குளியலறை காயவும் செய்யும்.

அக்கினி மூலை என்று தென்கிழக்கில் சமையலறையை வை என்கிறார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. அங்கே தென்கிழக்குச் சமையலறையின் புகை வெளியே போய்விடும், சட்டம் பொருந்துகிறது. நாகப்பட்டினத்திலோ கோடைப் பிற்பகலில் கிழக்கே கடலிலிருந்து காற்று வருகிறது. அங்கே அதே சட்டப்படி கட்டினால் அடுப்புப் புகையும் தாளிப்பும் கூடம் முழுவதும் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். ஓரூரில் சரியாகவும் மற்றோரூரில் தப்பாகவும் இருப்பதைக் கடவுள் வாக்கென்று எப்படிச் சொல்லுவது? ஒரு காலத்தில் ஏதோவோரூரில் ஒரு கெட்டிக்காரக் கொத்தனார் காற்றைப் பார்த்துச் சொல்லியிருப்பார். அவர் சொன்ன காரணத்தை விட்டுவிட்டு மூலையை மாத்திரம் பிடித்துக் கொண்டார்கள்.

ஈசானிய மூலை வடகிழக்கு. காலை வெளிச்சம் இதமாக வருவதும், பத்து மணிக்கு மேல் உபத்திரவம் குறைந்திருப்பதும் அந்த மூலைதான். வீட்டில் உள்ளதற்குள் நல்ல வெளிச்சம் அது. அதைச் சாமிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண் திறக்காத பொம்மைக்கு வெளிச்சம் எதற்கு? அதற்கு முன்னால் பகலில்கூட எண்ணெய் விளக்கு வேறு! பள்ளிக்கூடத்துப் பாடத்தைக் குழந்தை இருட்டுக் கூடத்தில் கண்ணைக் கசக்கிக் கொண்டு படிக்கிறது. இவ்வீட்டில் அந்த மூலையில் குழந்தைகளுக்கு ஒரு மேஜையும், பாட்டிக்கு ஒரு சாய்வு நாற்காலியும் போட்டிருப்பதைப் பார்த்தோம். அம்மா, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு காலையில் கீரை ஆய்ந்து பாருங்கள். பூச்சி அரித்த இலை தானே கண்ணில் படும்.

மனையடி சாஸ்திரத்தைப் பற்றி அதிகம் பேசி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. இத்தனை அடி யோகம், அத்தனை அடி தரித்திரம் என்கிறார்கள். எந்த அடி? இப்பொழுது மேஸ்திரியின் நாடாவிலுள்ள அடி வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, 30.48 சென்டிமீட்டர். அதற்கு முன் நம் தச்சர்கள் தச்சுமுழத்தில் அளந்தார்கள். 1956-ல் இந்தியாவில் மீட்டர் அளவைக்குச் சட்டம் செய்துவிட்டார்கள். தரித்திரம் எந்த அளவுகோலைப் பார்த்து வருகிறது?

இந்தச் சாஸ்திரங்களில் இதைவிட வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் சம்ஹிதையில் மண்ணுக்கும் ஜாதி வைத்திருக்கிறார்கள். வெள்ளை மண் பார்ப்பனருக்கு, சிவப்பு க்ஷத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு என்று இருக்கிறது. வீட்டின் அகலத்திலும் அப்படியே. பார்ப்பனருக்கு 32 முழம் என்று தொடங்கி, ஒவ்வொரு வருணத்துக்கும் நாலு நாலு முழமாகக் குறைத்துக் கொண்டே போகிறார்கள். கறுப்பு மண் எப்படிப்பட்டதென்று கரிசல் சீமைக்காரரைக் கேளுங்கள். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கிப் பாளம் பாளமாய் வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போடாவிட்டால் சுவர் பிளந்துவிடும். பாடுபடுகிறவனுக்கு வீடு பிளக்கிற மண்ணைக் காட்டிவிட்டு, அதையும் சாஸ்திரமென்று அவன் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். திருவாங்கூர் சமஸ்தானத்தில் 19-ஆம் நூற்றாண்டில் நாடார் சமூகத்தார் குடை பிடிக்கக்கூடாது, மாடி வைத்து வீடு கட்டக்கூடாது என்றெல்லாம் தடை இருந்தது. ஆகவே வீட்டின் உயரமும் வெளிச்சமும் ஏதோ சிற்பியின் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். யார் எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கலாம் என்பதை வேறு யாரோ தீர்மானித்துக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஊருக்குள் அப்படியென்றால், வீட்டுக்குள்ளேயும் அதுதான். நம் பழைய வீடுகளில் வெளிச்சம் போதாது என்று நாம் சொல்லவில்லை. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள், ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே வானம் தெரிகிற முற்றம், அதைச் சுற்றித் தூண் நிறுத்திய தாழ்வாரம். சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போகிறது, அந்த இடத்துக்குக் கீழே வாசலிலிருந்து காற்று வந்து கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீர் நடுவில் விழுகிறது. மின்சார விளக்கில்லாத நாளில் அவ்வளவு பெரிய வீட்டுக்குள் பகலெல்லாம் நடமாட முடிந்தது. நல்ல வேலை என்றே சொல்ல வேண்டும். ஆனால் முன்கட்டு யாருக்கு? கணக்கெழுதுகிற, விருந்தாளியோடு பேசுகிற ஆண்பிள்ளைக்கு. பெண்களுக்குப் பின்கட்டு. அக்கிரகாரத்து வரிசை வீடுகளில் இரண்டு பக்கமும் பொதுச் சுவர், பக்கவாட்டு ஜன்னலே கிடையாது. திண்ணையில் வெளிச்சம், ரேழியில் இருட்டு, கூடத்து முற்றத்தில் வெளிச்சம், அதற்குப் பின்னால் சமையலறையில் மறுபடியும் இருட்டு. சிறிய வீடுகளிலோ முற்றமும் இல்லை. பொழுதெல்லாம் வேலை செய்கிற ஜீவனை, வீட்டிலேயே அதிக இருட்டும் அதிகப் புகையுமான இடத்தில் வைத்திருக்கிறோம்.

இது மரியாதைக் குறைவு மாத்திரமல்ல, உயிர்ச் சேதம். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகில் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்களென்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அடுப்பண்டையில் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளுந்தான். எமன் தெற்கு வாசலில் நிற்கவில்லை, அம்மா. அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளை பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் காற்றுப் படும், கருப்புப் படும் என்று ஜன்னலை அடைத்து இருட்டறையில் போட்டு வைத்தோம். காசநோய்க் கிருமியை 1882-ல் கண்டுபிடித்த ராபர்ட் கோக், வெயில் பட்டால் அந்தக் கிருமி சாகிறதென்பதை 1890-ல் எடுத்துச் சொன்னார். ஒரு வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால், அடைத்த அறையில் மற்றவர்களுக்குத் தொற்றுவது அதிகம், காற்றோடும் அறையில் குறைவு. நோய் வந்த பிறகு ஜன்னல் மருந்தாகாது. மருந்து டாக்டரிடந்தான் வாங்க வேண்டும். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கிறவரைக் காப்பாற்றுவதில் ஜன்னலுக்குப் பங்குண்டு. இப்பொழுது பல வீடுகளில் காஸ் அடுப்பு வந்துவிட்டது. புகை போயிற்று, இருட்டும் புழுக்கமும் போகவில்லை. வரவேற்பறையில் பத்தடிக் கண்ணாடி ஜன்னல், சமையலறையில் கையகல எக்ஸாஸ்ட் விசிறி ஓட்டை!

ஆகவே வீடு கட்டுகிற தோழர்கள் திட்டத்தை அடுப்பங்கரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமென்பது நம் யோசனை. நாளில் அதிக நேரம் யார் எங்கே இருக்கிறாரென்று முதலில் எழுதுங்கள். அதன்படி வெளிச்சத்தைப் பங்கிடுங்கள். நம் சீமையைப் போல் சூடும் ஈரமும் சேர்ந்த பிரதேசங்களில் ஜன்னல் வழிகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டுமென்று இந்திய தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்லுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி, அதற்கு 20 சதுர அடி ஜன்னல். அந்த இருபதையும் ஒரே சுவரில் வைத்தால் வெளிச்சம் வரும், காற்று வராது. வந்த காற்றுக்குப் போக வழியில்லாவிட்டால் அது வராது. எதிர்ச் சுவரில் பாதியை வையுங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு உயர இருந்தால் வெளிச்சம் ஆழமாகப் போகும். ஏழடி உயரத்தில் மேல்விளிம்பு இருந்தால் பதினாலடி தூரம் வரைக்கும் ஒரு மாதிரியாக வேலை செய்யலாம், அதற்கு மேலே மங்கல்.

திருடன் வருவான், தெருவில் போகிறவன் பார்ப்பான் என்று ஆட்சேபணை சொல்லுவார்கள். இதற்கு லாரி பேக்கர் ஒரு வழி காட்டினார். 1917-ல் பிரிட்டனில் பிறந்து, 1945-ல் இந்தியாவுக்கு வந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் அங்கேயே காலமான சிற்பி அவர். ஜன்னல் சட்டமும் கம்பியும் கண்ணாடியும் விலை அதிகமென்று, செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடைச் சுவராகக் கட்டினார். காற்று வரும், வெளிச்சம் பொடிப்பொடியாய் வரும், வெயில் முழுசாய் வராது, கள்வன் வர முடியாது, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாது. அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் செங்கல்லை நெட்டுக்குத்தலாய் வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது, நடுவிலுள்ள காற்று சூட்டையும் தடுக்கிறது. திருவனந்தபுரம் உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் நின்ற மரங்களை வெட்டாமல், சுவரை வளைத்துக் கொண்டு போயிருக்கிறார். மரத்துக்குச் சுவர் வழிவிட்டது! நம் மேஸ்திரிகள் மனையில் முதல் வேலையாக எல்லா மரத்தையும் சாய்த்துவிட்டு, பிறகு பூந்தொட்டி வாங்கச் சொல்லுகிறார்கள்.

பெரிய பட்டணத்தில், நாலு பக்கமும் வீடு நெருக்கிய மனையில் என்ன செய்வதென்றால், அதற்கும் நம் பக்கத்தூரிலேயே பதில் இருக்கிறது. கொழும்பில் ஜெப்ரி பாவா என்ற சிற்பி 1960-களின் ஆரம்பத்தில் ஈனா டி சில்வா குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டினார். வெளிப்பக்கம் தெருவுக்கு மதில், உள்ளே நடு முற்றம், சுற்றிலும் அகன்ற தாழ்வாரம், தாழ இறங்கிய ஓட்டுக் கூரை. வெளிச்சமும் செடியும் காற்றும் நடுவிலிருந்து எல்லா அறைக்கும் போகின்றன. நாம் இடித்துப் போட்ட முற்றந்தான் அது. 2009-ல் அம்மனை கைமாறியபொழுது, அவ்வீட்டை அடியோடு பிரித்தெடுத்து, அவருடைய லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி நிறுத்தினார்கள். அவ்வளவு மதிப்பு! இப்பொழுது சிலர் முற்றம் வைத்துவிட்டு மழைக்குப் பயந்து மேலே கண்ணாடி மூடுகிறார்கள். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. நாற்றுக்காரன் கண்ணாடிக் கூண்டு கட்டுவது அதற்காகத்தான். மூடித்தான் ஆகவேண்டுமானால் மூடிக்கும் சுவருக்கும் நடுவே ஓரடியாவது திறப்பு விடுங்கள். முற்றத்தின் தரையைச் சிமெண்டால் மெழுகாமல் கொஞ்சம் மண்ணை விட்டு ஒரு செடி வையுங்கள்.

செடியென்றதும் முருங்கைக்கு வருவோம். முருங்கையில் பேய் இருக்கிறதென்பது பொய். ஆனால் முருங்கையை வாசலில் வைக்காதே என்று சொன்ன கிழவிக்குக் காரணம் இருந்திருக்கும். அதன் கிளை ஒடியும். குழந்தை ஏறினால் விழும். கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாய் வரும். ஆகவே புழக்கடை வேலியோரத்தில் வைத்துக் கீரை பறித்துச் சாப்பிடுங்கள். புளிய மரத்தடியில் இரவு படுத்தால் பேய் அமுக்கும் என்கிறார்கள். மரம் இரவில் கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதன் விடுவதைவிட அது உங்கள் மூக்குக்கு வந்து சேருவது அற்பம். பேயைவிட மோசம், இப்பொழுது விஞ்ஞானச் சட்டை போட்டுக் கொண்டு வருகிற புது மூட நம்பிக்கை. அரச மரம் இரவிலும் பிராணவாயு கொடுக்கிறது, ஆகவே அதைச் சுற்றுவது விஞ்ஞானம் என்கிறார்கள். வெளிச்சமில்லாமல் எந்த இலையும் பிராணவாயு உண்டாக்குவதில்லை, அரசுக்குத் தனிச் சலுகையொன்றும் கிடையாது. அறைக்குள் நாலு தொட்டி வைத்தால் காற்றுச் சுத்தமாகும் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். 1989-ல் அமெரிக்க நாசா நிலையத்தார் மூடிய சிறு பெட்டிக்குள் செய்த பரிசோதனையை வைத்துக் கிளம்பிய பேச்சு அது. அப்படிப்பட்ட பரிசோதனைகளை 2019-ல் திரும்ப ஆராய்ந்தவர்கள், மனிதர் வாழ்கிற சாதாரண அறையில் தொட்டிச் செடியைவிட ஜன்னல் திறப்பதே பன்மடங்கு வேலை செய்கிறதென்று கண்டார்கள். அழகுக்காக வைத்துக் கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.

மரத்தின் உண்மையான வேலை வெளியே, மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. புங்கை, வேம்பு, பூவரசு இவற்றைச் சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி வையுங்கள். ஆலும் அரசும் இத்தியும் வேரால் சுவரைப் பிளக்கும், கிட்டே வேண்டாம். தென்னை நிழல் தராது, ஓட்டின்மேல் காய் போடும். மரம் வளர ஐந்தாறு வருஷமாகும். அதுவரையில் மேற்குச் சுவருக்கு ஓரடி தள்ளிக் கொம்பு நட்டுப் பந்தல் போட்டு அவரை, பீர்க்கு, கோவை ஏற்றிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் சுவரில் வெயில் தெரியாது, கறிக்கும் ஆயிற்று. சமையலறைத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் விடுங்கள். ஆனால் தொட்டித் தட்டில், தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் நிற்க விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு பறக்கும். வாரம் ஒருநாள் கவிழ்த்துவிட வேண்டும். பச்சைப் பசேலென்று இருக்கிறது என்பதற்காகக் கொசுவுக்குச் சத்திரம் நடத்தக்கூடாது.

"இதெல்லாம் பணக்காரர் கதை, ஒன்றரை சென்டு மனைக்காரன் என்ன செய்வான்?" என்று பின்னாலிருந்து ஒரு தோழர் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-ல் ஆரம்பித்த கனவு இல்லத் திட்டத்து வீடு 360 சதுர அடி. அவ்வளவுக்குள்ளேயும் எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் வைக்கலாம், அதற்குக் கூடுதல் செலவில்லை. கொத்தனாரிடம் கடைகால் தோண்டுகிற அன்றே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சேரியிலும் குப்பத்திலும் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகளுக்குப் பக்கவாட்டில் வழியில்லை. அவற்றுக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வர வேண்டும். ஓட்டு வீடானால் அடுப்புக்கு மேலே இரண்டு கண்ணாடி ஓடு மாற்றுங்கள். முகட்டு ஓடு இரண்டைத் தூக்கி வைத்தால் சூடு வெளியேறும். தளம் போட்ட வீடானால் சமையலறைக்குப் பின்னால் நாலுக்கு நாலு இடத்தை மூடாமல் வானத்துக்கு விட்டுவிடுங்கள். மேல்தளத்துக்குக் கோடை பிறக்கும் முன் சுண்ணாம்பு வெள்ளை இரண்டு கை அடித்தால் உள்ளே சூடு தணிவது முதல் இரவே தெரியும். அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டும். கூலி பெரிதல்ல, வீட்டுக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடித்துக் கொள்ளலாம்.

வாடகை வீட்டுக்காரருக்கு இதில் பாதி செய்ய முடியாது. ஆனால் அடைத்து ஆணியடித்த ஜன்னலைத் திறப்பதற்கும், அதற்குக் கொசுவலை அடிப்பதற்கும், அடுப்பை இருட்டு மூலையிலிருந்து ஜன்னலண்டை நகர்த்துவதற்கும் சொந்தக்காரர் அனுமதி வேண்டியதில்லை. காற்று வேகமாய் வந்து அடுப்பை அணைத்தால் நடுவே ஒரு தகரத்தை நிறுத்திக் கொள்ளுங்கள். கண்ணாடி ஓட்டுக்குச் சொந்தக்காரரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டுப் பாருங்கள், இரண்டு ஓட்டின் விலைக்கு மேல் ஒன்றுமில்லை.